முழங்கால் பந்தி

அமீர்பேட் மெட்ரோ நிலையத்தில் நகரும் படிக்கட்டு பழுதாகி நின்றுவிட்டால் அது சாதாரணப் படிக்கட்டாக மாறுவதில்லை. சாதாரணத்தைவிட உயரமான, கொஞ்சம் வன்மம் பிடித்த ஒன்றாக மாறுகிறது. போன வாரம் அதில் ஏறிக்கொண்டிருந்தேன். கோச்சிங் வகுப்புப் பிள்ளைகள் முதுகுப் பையால் என்னை இடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனார்கள். நான் நடுவழியில் நின்று, கைபேசியை எடுத்து, மிக அவசரமான செய்தி எதையோ படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியவர் நீங்கள் என்றால் இந்த நடிப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். கைபேசி வந்ததில் முழங்கால்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

மூட்டுத் தேய்மானம், ஆரம்பக் கட்டம் என்றார் டாக்டர். தொடைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மேலே தடவ ஒரு ஜெல் எழுதினார். வீட்டுக்கு வந்து பிதுக்கினால் கண்ணாடித் துண்டுபோல் வந்து விழுந்தது. தடவியதும் சில்லென்றிருந்தது, பிறகு தடமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் மூக்கை நீட்டிப் பார்த்தான். தமிழ் அவனுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் வேறு ஏதாவது மொழியில் வரும்.

“வாசனே லேதம்மா. குட்,” என்றான்.

வாசனையே இல்லையாம், அவனுக்கு அது நல்ல செய்தி. எனக்கு என்னவோ வீட்டில் எதுவோ களவு போனதுபோல இருந்தது. நான் வளர்ந்த வீட்டில் முழங்கால் வலி மூக்கு வழியாகத்தான் தெரியவரும். செகந்திராபாத் மெட்டுகூடாவில் ரயில் பாதையை ஒட்டிய சந்து அது. ஆபீஸ் விட்டு வந்து சந்து முனையில் திரும்பும்போதே, அத்தைக்கு இன்று வலி எந்த மட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். காற்றில் லேசாக யூகலிப்டஸ் என்றால் பரவாயில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேச்சும் சிரிப்பும் உண்டு. பச்சைத் தைலத்தின் காட்டமான மணம் என்றால் அம்மா மெதுவாகப் பாத்திரம் கழுவுவாள். நல்லெண்ணெயில் கற்பூரம் உருகும் வாடை வந்தால், அன்றைக்கு யாரும் அத்தையிடம் எதுவும் கேட்கக்கூடாது.

கிரேஸ் அத்தை அப்பாவின் அக்கா. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதது ஏன் என்று கேட்ட ஒருவரை, மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து கேட்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்டது பள்ளித் தாளாளர் என்றும், அவர் ஓடினார் என்றும்கூடச் சொல்வார்கள். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரன் ரயிலுக்கு வேலை பார்க்க வந்த குடும்பம் எங்களுடையது. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தாலும் அத்தையின் நாக்கு திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டது. நடுநடுவே வேண்டாம் என்பதற்கு ஒரு ‘நக்கோ’வும் எதற்கு என்பதற்கு ஒரு ‘கைக்கு’வும் என்று ஊர் உருது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

அத்தையின் கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள்தான் எல்லாம் இருந்தது. சந்தனக் கலரில் ஒரு பாம், கறுப்பாக ஒரு களிம்பு, பச்சைத் தைலம், கேரளத்திலிருந்து யாரோ வாங்கி வந்த கஷாய நிற எண்ணெய். கறுப்புக் களிம்பின் கறை புடவைகளின் உள்மடிப்பில் எல்லாம் பிடித்திருந்தது. “யக்கா, இது மருந்தா, ரயில் இஞ்சினுக்குப் போடுத கிரீஸா?” என்பார் அப்பா. ரயில் பாதையோரம் எருக்கஞ்செடிக்குப் பஞ்சமே இல்லை. இலை பறித்து, விளக்கெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் வாட்டி முழங்காலில் கட்டுவதும் நடக்கும். சைனிக்புரியிலிருந்து சுபேதார் மாமா வரும்போது மிலிட்டரி கேண்டீனில் வாங்கிய ஸ்பிரே ஒன்றைக் கொண்டுவருவார். அதைப் புஸ்ஸென்று அடித்தால் பனி விழுந்ததுபோல இருக்கும். அத்தைக்கு அது பிடிக்காது. குளிர்ச்சியெல்லாம் அவருக்கு மருந்தில்லை.

“எரியணும்ட்டி. எரிஞ்சாத்தான் உள்ள போகுதுன்னு அர்த்தம். மணக்கணும். மணந்தாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம்,” என்பார்.

தோல் எரியும்போது மூளை அந்த எரிச்சலைக் கவனிக்கப் போய்விடுகிறது, உள்ளே தேய்ந்த இடம் தேய்ந்தபடியேதான் இருக்கிறது என்று இப்போது என் டாக்டர் சொன்னார். அத்தை இருந்திருந்தால், கவனத்தைத் திருப்புவதுதானே டாக்டரே பாதி வைத்தியம் என்று சொல்லியிருப்பார். என்னைத் தடவச் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, பழைய விளையாட்டு தினங்களின் தொடர் ஓட்டத்தில் யார் குச்சியைத் தவறவிட்டாள் என்று பேசிக்கொண்டே இருப்பார். என் விரல்கள் மறுநாள் மல்லாபூரில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனி ஆபீசின் தட்டச்சு எந்திரத்திலும் மணக்கும். பக்கத்து மேசைக்காரர் தினமும் ஒருமுறை, “ஏம்மா, ஜலுபா?” என்று தெலுங்கில் விசாரிப்பார். ஜலதோஷம்தான் என்று நானும் தலையாட்டிவிடுவேன். அந்த ஆபீசில் என்னைப்போல் நிரந்தரமாக ஜலதோஷம் பிடித்த ஊழியர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போனால் இந்த வாடை எங்கள் வீட்டுச் சொத்து மட்டும் இல்லை என்று தெரியும். பெண்கள் பக்கத்து முதல் நான்கு பெஞ்சுகள் அதன் ராஜ்ஜியம். மல்லிகைப்பூ, முகப்பவுடர், அந்துருண்டை போட்ட பட்டுப்புடவை, இவற்றுக்கெல்லாம் அடியில் கனமாக ஒரு தைல மணம். கண்ணை மூடிக்கொண்டால் எந்த ஆன்ட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது பந்தி பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் திருவிருந்து எடுக்க ஒரு நேரத்தில் ஒரு வரிசை பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதி வரை போய் முழங்கால் போடும். அந்த வரிசைக்குப் பெயர் பந்தி. ஐயர் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்து முடித்ததும் ஒவ்வொருவராக எழும்புவார்கள். கடைசி ஆள் எழும்பி நிற்கும் வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. எல்லோரும் நின்ற பிறகு ஐயர் கையை உயர்த்தி, “சமாதானத்தோடே போங்கள்” என்பார். அதன் பிறகுதான் பந்தி கலையும். ஐயர் என்றால் குருவானவர். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்லுவோம், நீங்கள் குழம்ப வேண்டாம்.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் கிரேஸ் அத்தை.

முதலில் இரண்டு கையும் கிராதியில். பிறகு இடது காலை மடக்கி முன்னால் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு மூச்சு. பிறகு உடம்பு முழுவதையும் கைகளால் மேலே இழுக்க வேண்டும். அதற்குள் மற்ற எல்லோரும் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, தரையைப் பார்ப்பதுபோல அத்தையைப் பார்ப்பார்கள். ஐயரின் கை பாதி உயர்ந்தபடி காத்திருக்கும். பின்னால் அடுத்த பந்தி நடைபாதையில் நின்று பார்க்கும். வாழ்நாளெல்லாம் விசில் ஊதி மற்றவர்களை வரிசையில் நிறுத்திய மனுஷி.

“வலிய நான் தாங்கிக்கிடுவேன். எல்லாரும் பாக்காவல்லா, அதத்தான் தாங்க முடியல,” என்று ஒருநாள், தைலம் தேய்க்கும்போது, கண்ணை மூடியபடியே சொன்னார்.

அந்த வருஷம் மாற்றலாகி வந்த ஐயர் இளவயசுக்காரர், நல்ல மனசு. முழங்கால் போட முடியாதவர்களுக்காகக் கிராதிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட ஏற்பாடு செய்தார். முதியவர்கள் அங்கே உட்கார்ந்தால் போதும், தானே வந்து கொடுப்பதாக அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் பார்வை, தன்னை அறியாமல், எங்கள் பெஞ்சு வரைக்கும் வந்து திரும்பியது.

வீட்டுக்கு வந்து அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அந்த நாற்காலியில போய் உக்காந்தா அடுத்தது சவப்பெட்டிதான்.”

“யக்கா, உக்காந்து வாங்கினா ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப்போறாரு?” என்றார் அப்பா.

“ஆண்டவர் சொல்ல மாட்டாரு. உன் பொண்டாட்டி சொல்லுவா, ஜெமீமா சொல்லுவா, தெருவே சொல்லும். நக்கோ. எனக்கு வேண்டாம்.”

நாற்காலிகள் பல வாரம் காலியாகவே கிடந்தன. யாரும் முதலாவதாக உட்காரத் தயாரில்லை. ஜெமீமா என்றது ஜெமீமா டீச்சரை. அதே பள்ளியில் கணக்கு டீச்சர், அத்தைக்கு இளம்வயசுத் தோழி, கோயிலில் அடுத்த இடக்காரர். மெலிந்த உருவம், மெலிந்த குரல். அத்தையோடு கூடவே இருந்து, அத்தைக்கு ஒரு நொடி முன்னால்தான் எழும்புவார். தோழிக்குத் துணையாகக் காத்திருந்து எழும்புகிறார் என்று ஊரே அவரைப் புகழும்.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, அத்தையின் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து ஒரு கிரீம் கொண்டுவந்து கொடுத்தாள். மிளகாயின் காரச் சத்தில் செய்ததாம். வெள்ளையாக, மெல்லியதாக, பார்க்க முகத்துக்குப் போடுவதுபோல இருந்தது. அத்தை திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஏட்டி, உனக்கு ஏதாவது மணக்கா?”

“இல்ல அத்தை.”

“மொளகான்னு சொல்லுதா, தும்மல்கூட வரல. இது என்னத்த மருந்து? பாவம், கடைக்காரன் பிள்ளைய ஏமாத்திட்டான்.”

மணமில்லாததை ஈடுகட்ட, பட்டாணி அளவு போட வேண்டிய இடத்தில் எலுமிச்சங்காய் அளவு போட்டார். முதல் கால்மணி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிய.

“எரியுதுலே. அய்யோ, எப்படி எரியுது. இவ்வளவு நாளும் எங்கன இருந்துச்சு இது?”

அந்த வாரம் முழுக்கத் தடவினார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். மருந்தாலா, நம்பிக்கையாலா என்று நான் ஆராயப் போகவில்லை. ஞாயிறு காலையில் அவர் முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. அன்றைக்குத் திருவிருந்து ஆராதனை. இன்று கடைசி ஆளாக எழும்பப் போவதில்லை என்ற தீர்மானம் என்று எனக்குப் பட்டது.

பிரசங்கம் நீண்டது. கரண்ட் போய் விசிறிகள் நின்றன. நடுவில் அத்தை என்னை முழங்கையால் இடித்து, “பாட்டுப் புத்தகத்த விரிச்சுப் பிடி,” என்றார். விரித்துப் பிடித்தேன். அந்த மறைவில் கைப்பையிலிருந்து டியூபை எடுத்து, குனிந்து, புடவையைக் கொஞ்சமாக உயர்த்தி, இரண்டு முழங்காலுக்கும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டார். பந்தயத்துக்கு முன்னால் ஓட்டக்காரிகளுக்குத் தேய்த்துவிட்ட அதே லாகவம். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிரசங்கம் முடிந்தது. அடுத்தது சமாதானம் கொடுத்தல்.

எங்கள் சபையில் அது ஏனோதானோவென்று கைகுலுக்குவது இல்லை. ஒருவர் உள்ளங்கையோடு மற்றவர் உள்ளங்கை சேர வேண்டும். இடக்கையால் மேலே பொத்த வேண்டும். “சமாதானம்” என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். கிரேஸ் அத்தைக்கு அது போதாது. அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் முன் பெஞ்சு, பின் பெஞ்சு, அதற்கும் பின் பெஞ்சு என்று, வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் கைகொடுப்பதுபோல் எல்லோர் கையையும் அழுத்திப் பிடித்தார். என்னைக் கடைசிக்கு என்று விட்டுவைத்து, பிறகு மறந்தும் விட்டார். அதனால்தான் மீதியைப் பார்க்க எனக்குக் கண் இருந்தது.

சித்திரை மாதம், ஓடாத விசிறி, கழுத்தில் வழியும் வேர்வை. கையால் முகத்தைத் துடைக்காத மனுஷி யார் இருக்க முடியும்? அத்தை மட்டும்தான்; தைலம் தொட்ட கையை முகத்துக்குக் கொண்டுபோகாத பழக்கம் அவருக்குப் பல வருஷத்தது.

காணிக்கைப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் முதல் விசும்பல் கேட்டது. மூன்றாவதில் முன் பெஞ்சில் மூன்று பேர் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்கள். பின்னால் யாரோ, “ஆண்டவரே, ஆண்டவரே,” என்றார். அது ஜெபம் இல்லை, எரிச்சல் என்று எனக்குத் தெரிந்தபோது வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. பெண்கள் பக்கம் முழுவதும் அழுதது. ஆண்கள் பக்கம் திகைத்துப்போய்த் தத்தம் மனைவிகளைப் பார்த்தது. பலிபீடத்துக்கு முன்னால் ஐயர் நின்றுவிட்டார். வந்த நாள் முதல், இந்தச் சபை கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்று வருத்தப்பட்டவர் அவர். ஜெபத்தைத் தொடங்கியபோது குரல் உடைந்தது. பாவம், அவரும் அழுதார். அவருக்கு மிளகாய் தேவைப்படவில்லை.

எங்கள் பந்தி முன்னால் போனது. ஒருவரையொருவர் தோளில் பிடித்துக்கொண்டு, பாதிக் கண்ணால் வழி பார்த்துக்கொண்டு. எல்லோரும் முழங்கால் போட்டோம். அப்பம் வந்தது, கிண்ணம் வந்து போனது. பிறகு எழும்ப வேண்டும்.

யாரும் எழும்பவில்லை. எல்லோர் முகமும் கைக்குட்டையில் புதைந்திருந்தது. அத்தை இரண்டு கையையும் கிராதியில் வைத்தார். இடப் பக்கம் பார்த்தார், வலப் பக்கம் பார்த்தார். ஒரு கண்கூட அவர் மேல் இல்லை. நான் இருந்தேன், என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. இடது காலைக் கொண்டுவந்தார். அவசரமே இல்லை. ஒரு மூச்சுக்குப் பதிலாக இரண்டு மூச்சு விட்டார். பிறகு எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்து, நேராக நின்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வரிசையின் முதல் ஆளாக.

இப்போது அத்தை மற்றவர்களுக்காகக் காத்திருந்தார். ஒவ்வொருவராக எழும்பினார்கள். கடைசியில் ஜெமீமா டீச்சர் மட்டும் கீழே.

டீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டார், முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் எழும்பவில்லை. கிராதியைப் பிடித்தார், உடம்பு கொஞ்சம் உயர்ந்தது, திரும்பவும் இறங்கியது. அத்தை குனிந்து பார்த்தார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஜெமீமா, கண்ணா?”

“கண்ணு இல்ல கிரேசு. காலு.”

“எப்பலேருந்து?”

“உனக்கு முன்னாலருந்தே. நீ எழும்ப நேரமாகும்லா, அதுக்குள்ள நானும் மெல்ல மெல்ல எழும்பிக்கிடுவேன். எல்லாரும் உன்னத்தான பாப்பாங்க.”

அத்தை டீச்சரின் அக்குளில் கையைக் கொடுத்து, என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டினார். நான் மறுபக்கம் பிடித்தேன். தூக்கி நிறுத்தினோம். ஐயர், ஈரக் கண்ணோடு, “சமாதானத்தோடே போங்கள்” என்றார். பந்தி கலைந்தது.

அன்று சாயங்காலமே ஐயர் வீட்டுக்கு வந்துவிட்டார். சபையில் ஆவியானவரின் அசைவு தொடங்கிவிட்டது, வருகிற வாரம் சிறப்புக் கூட்டம் வைக்கலாம், எல்லோருக்கும் அப்படிச் சமாதானம் கொடுத்த அக்காதான் அதில் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். அப்பா சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய்விட்டார். அத்தை கொஞ்சநேரம் முந்தானை நுனியைத் திருகினார். ஐயரிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. தகரத்தை இழுத்து, டியூபை எடுத்து, அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தார்.

“சமாதானம் கொடுத்ததுல இதுவும் சேந்து போயிட்டு ஐயரே.”

ஐயர் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காது சிவந்தது. 

“எங்கம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் ரொம்ப மோசம்க்கா,” என்றார் கடைசியில். “இது இங்க கிடைக்குமா?”

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அத்தை கிராதிக்குப் போகவில்லை. நேராக நடந்து, காலியாகக் கிடந்த நாற்காலிகளில் முதலாவதில் உட்கார்ந்தார். கோயிலில் ஒரு சலசலப்பு. அத்தை திரும்பி, மைதானத்தின் மறுகோடியில் நிற்பவளைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

“ஏ ஜெமீமா, தனியா உக்கார எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வந்து துணைக்கு உக்காரு.”

ஜெமீமா டீச்சர் போய் உட்கார்ந்தார். தோழிக்காக உட்கார்ந்தார் என்று ஊர் அன்றைக்கும் அவரைத்தான் புகழ்ந்தது. அத்தை மறுத்துப் பேசவில்லை. அந்த மாதத்துக்குள்ளேயே நாற்காலிகள் நிறைந்துவிட்டன, போதாமல் இன்னும் வாங்கினார்கள். அடுத்தது பெட்டி என்று சொன்னவர் அதற்குப் பிறகு வெகுகாலம், நல்ல ஆரோக்கியமாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்து யார் வரிசையைக் கலைக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நாற்காலிகளும் இல்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் முழங்கால் போடுவதை நிறுத்தியவர்கள் திரும்ப ஆரம்பிக்கவில்லை. சமாதானத்தை நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டுக் கொடுக்கிறோம். முன் பெஞ்சுகளில் எந்தத் தைலமும் மணப்பதில்லை. ரேஷன் கடை வரிசைபோல ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து, சின்னப் பிளாஸ்டிக் குவளையில் வாங்கிக் குடித்துவிட்டு, பக்கவாட்டு வழியாகத் திரும்பிவிடுகிறோம். எனக்கு முழங்கால் வலி என்று அந்தக் கோயிலில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வசதிதான். குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒருவர் எழும்பி நிற்பதற்காக ஒரு வரிசையே அசையாமல் நின்றதே, அது போய்விட்டது. “சமாதானத்தோடே போங்கள்” என்று ஐயர் இப்போதும் சொல்கிறார். ஆராதனையின் கடைசியில், மைக்கில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை. அதற்குள் பாதிப் பேர் வண்டியை எடுக்க வெளியே போயிருப்பார்கள்.